வீட்டின் சுருதி

செல்வின் ஐந்து நாற்பதுக்கு எழுந்தான். அலாரம் வைப்பதில்லை. பல் துலக்கினான். வாசல் கம்பியில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினான். டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சமையலறை அலமாரியில் இருந்த சின்ன ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஏழு நிமிடம் ஆனதும் எழுந்து அதை நிறுத்தினான். குளித்தான். சட்டை மாட்டினான். கடைசியாக ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவுத் தட்டில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த பைக் சாவியை எடுத்தான். சில்லென்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போக வேண்டியதில்லை. மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும்.

பெனிட்டா இறந்து ஆறு மாதம் முடிந்திருந்தது. முப்பத்தொரு வயது. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பதிவு செய்துகொண்டிருந்தவள் ஹெட்போனைக் கழற்றி, தலை வலிக்கிறது என்று சொல்லி, வரப்பில் உட்கார்ந்தாள். அதன் பிறகு எழவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்.

அவள் சத்தங்களைச் சேர்த்து இசை செய்கிறவள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மிஷின், கோயில் மணியின் கயிறு உரசுவது, துறைமுக கிரேன் திரும்பும்போது போடும் முனகல். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு இழுத்து, நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றைப் படுக்க வைத்து, கடைசியில் அது எந்தச் சத்தம் என்று யாருக்கும் தெரியாதபடி ஆக்கிவிடுவாள். ஆனால் தூத்துக்குடிக்காரர்கள் யாராவது கேட்டால், காரணம் சொல்லத் தெரியாமல், இது நம்ம ஊர் என்பார்கள். வெளிநாட்டில் கொஞ்சம் பேருக்கு அவளைத் தெரியும். ஊரில் அதைவிடக் குறைவான பேருக்கு.

செல்வினுக்கு அந்தத் துறைமுகத்தில்தான் வேலை. கிரேன்களின் மின் பராமரிப்பு. முதன்முதலில் அவள் அவனிடம் பேசியதே, “அந்த மூணாம் நம்பர் கிரேனுக்கு கிரீஸ் போட்டுராதீங்க, ஒரு வாரம் கழிச்சுப் போடுங்க” என்றுதான்.

வீட்டுக்குள் பதிவு செய்தால் அவள் செய்யும் முதல் வேலை ஃப்ரிட்ஜை அணைப்பது. மனிதக் காது பழகிப்போய் விட்டுவிடும் சத்தம் அது, மைக் விடாது. அணைத்தால் மறுபடி போட மறந்துவிடும். அதனால் அணைத்ததும் பைக் சாவியை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவாள். சாவி வேண்டுமென்றால் கதவைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே விளக்கு எரியாது. ஞாபகம் வந்துவிடும். “ஃப்ரிட்ஜ ஓட்டிக்கிட்டா டூட்டிக்குப் போகச் சொல்லுத?” என்று அவன் கேலி செய்வான். ஆனால் ஒரு தடவைகூட அவனிடம் சொல்லாமல் அவள் அணைத்ததில்லை. அது அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

ஒரே ஒரு நாள் தவிர. மார்ச் ஒன்பதாம் தேதி அவன் தூங்கிக்கொண்டிருந்தபோதே அவள் சிநேகிதியின் காரில் உப்பளத்துக்குப் போய்விட்டாள். எட்டு ஐந்துக்குப் போன் வந்தது. வழக்கமாக மாட்டும் ஆணியில் பைக் சாவி இல்லை. அவன் மேசை, மெத்தை, அலமாரி, சட்டைப் பைகள் எல்லாம் தேடினான். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் ஏறினான். போனில் பதிந்திருந்த நேரப்படி வீட்டுக்குள் பதினேழு நிமிடம் போயிருந்தது. அவன் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது உயிர் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் வீடு நாறியது. ஃப்ரிட்ஜுக்குள் அரைக் கிலோ சீலா மீனும் பைக் சாவியும் இருந்தன.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்ற எண்ணம் அவனுக்குள் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. இறந்தவள் மேல் கோபப்படக் கூடாது. அதனால் கோபம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. சாவியை மட்டும் ஒவ்வொரு நாளும் ஃப்ரிட்ஜில் வைத்தான்.

&#42;

மாமியார் வீட்டு ஹாலில் இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. சோபாவில் ஒரு பெண் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பெயர் அக்‌ஷயா. சென்னையில் ‘நீட்சி’ என்ற நிறுவனத்தில் வேலை. இறந்துபோன இசைக் கலைஞர்களின் சேமிப்பிலிருந்து புது இசை செய்வதுதான் நீட்சியின் தொழில். நாலைந்து வருடமாகவே அது எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. விருது கொடுக்கும் சபாக்கள் மறைந்தோருக்குத் தனிப் பிரிவே வைத்துவிட்டன.

“இப்ப செத்தவங்கதான் அத்தான் பிஸி. உயிரோட இருக்கிறவன் ஈ ஓட்டுதான்” என்றான் கிளாட்வின். பெனிட்டாவின் தம்பி. சுங்கக் கிளியரிங் ஆபீசில் வேலை. இந்த ஏற்பாடு முழுக்க அவனுடையது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் படித்த பள்ளிக்கூடத்து அரங்கில் பெனிட்டாவின் புதிய படைப்பு அரங்கேறுகிறது. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது.

செல்வின் செய்தது ஒன்றே ஒன்று. சட்டப்படி உயிரோடிருக்கும் துணையின் கையெழுத்து வேண்டும். போட்டான். போடும்போது ஒரு நிபந்தனை வைத்தான்: பதிவுகளில் எங்கெங்கே பேச்சு இருக்கிறதோ அதையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் எந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். எங்கோ ஒரு கம்ப்யூட்டர் அவள் குரலில் அவன் பெயரைச் சொல்லிப் பழகுவதை அவன் விரும்பவில்லை. நீக்கினார்கள்.

“எம்மவ பாட்ட மெஷின் எப்படிம்மா போடும்?” என்று மாமியார் கேட்டாள். காலையிலேயே பூசை பார்த்துவிட்டு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க பொண்ணு பதினோரு வருஷமா நாலாயிரத்துச் சொச்சம் சத்தம் சேர்த்து வச்சிருக்காங்கம்மா. அதுல எதை எடுத்தாங்க, எதைத் தள்ளினாங்க, எதுக்குப் பக்கத்துல எதை வச்சாங்கன்னு அது பார்த்துப் பார்த்துப் பழகும். அப்புறம் அவங்க இன்னும் தொடாத பதிவுகளை எடுத்து, அவங்க இருந்தா என்ன பண்ணியிருப்பாங்களோ அதைப் பண்ணும்.”

“நான் மீன் வாங்குததப் பாத்து இவன் பழகுன மாதிரி.”

“அம்மா, நான் நல்லாத்தான் வாங்குதேன்.”

“போன வாரம் நீ வாங்கியாந்த நண்டு உன் வயசு இருக்கும்.”

அக்‌ஷயா சிரித்தாள். பிறகு செல்வினைப் பார்த்துச் சொன்னாள்: “சார், எங்களுக்கே ஆச்சரியமா இருந்த விஷயம் ஒண்ணு. மேடத்தோட கடைசிக் காலம். வீட்டுல ஒரு சின்ன ரெக்கார்டர் வச்சிருந்தாங்கல்ல? அது வீட்டு வைஃபை வழியா தானா அவங்க டிஸ்க்குக்கும், அங்கிருந்து எங்களுக்கும் அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. அதுல தேதி கிடையாது, கடிகாரம் ரிப்பேர். வரிசை எண்தான். அந்தக் கடைசி நூத்துஎண்பது பதிவையும் கேட்டீங்கன்னா, அவங்க அடியோட மாறிட்டாங்க. மோட்டார் இல்லை, கிரேன் இல்லை. ஒண்ணுமே இல்லை. வெறும் வீடு. தினம் ஏழு நிமிஷம். எல்லாத்துலயும் ஒரே சுருதி அடியில ஓடுது. பதினோரு வருஷத்துல முதல் தடவையா ஒரு ஆதார சுருதி கண்டுபிடிச்சிருக்காங்க. நீட்சி அதைத்தான் பிடிச்சுக்கிச்சு.”

கிளாட்வின் அழைப்பிதழை எடுத்து நீட்டினான். பின்பக்கம் பெனிட்டாவின் படம். அதற்குக் கீழே அச்சிட்டிருந்தது: ‘கடைசி மாதங்களில் அவர் சத்தங்களைத் துறந்தார். அவருடைய இறுதிச் சொற்கள்: இனி வீடே பாடட்டும்.’

“இப்படி எப்ப சொன்னா?” என்று செல்வின் கேட்டான்.

“சாகுறதுக்கு மொத நாள் போன்ல என்ட்ட சொன்னா. ஏறக்கொறைய. வீட்ல இருக்கிற சத்தமே போதும் போலிருக்குல, அலைய முடியலன்னு சொன்னா. உங்கள்ட்ட கேட்டேன், கடைசியா என்ன சொன்னான்னு. ஒண்ணும் சொல்லலன்னீங்க. ஏதாச்சும் போடணுமில்லையா அத்தான்.”

செல்வின் அழைப்பிதழைத் திருப்பிக் கொடுத்தான். அக்‌ஷயா ஒலிக்கவிட்டாள்.

முதலில் அந்தச் சுருதி வந்தது. தாழ்வாக, தரையிலிருந்து ஏறுவது போல. கதவுக்குக் கீழே வெளிச்சம் நுழைவது போல அதன் மேல் மெதுவாக உப்பளம் வந்தது, காற்று வந்தது, தண்ணீர் ஓடியது. எல்லாம் தூரத்தில். அவள் இசை எப்போதும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இது அடுத்த அறையில் நடந்தது. போன வருடத்துக் கிறிஸ்துமஸ், மாடியில் காய்ந்த வத்தல், அவள் தலையில் டவலோடு நடப்பது எல்லாம் செல்வினுக்கு ஞாபகம் வந்தன. ஆறு மாதமாக வராதவை.

பாதியில் ஒரு தாளம் எழுந்தது. மரம் மரத்தில் மோதுவது, எவர்சில்வர் உருள்வது, இழுப்பது, அடைப்பது. வேகமாக, மூச்சிரைக்க.

“இதைப் பாருங்க. அவங்க வாழ்க்கையிலேயே பண்ணாத வேகம். இது எந்தச் சத்தத்துல இருந்து வந்ததுன்னு எனக்கே தெரியல” என்று அக்‌ஷயா மெதுவாகச் சொன்னாள்.

தாளம் அறுந்தது. மறுபடி சுருதி. பிறகு சுருதி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. நின்ற இடத்தில் கண்ணாடியில் உலோகம் பட்டது போல ஒரு சின்ன மணி. டிங். அப்புறம் முழு அமைதி.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “எப்பவும் கலகலன்னு கத்திக்கிட்டே கெடப்பா. இதுல அமைதியாயிட்டா. போறதுக்கு முன்னாடியே மனசு அடங்கிருக்கு பாத்தியா. நான் பயந்துகிட்டே கெடந்தேன், என்னத்த நெனச்சுக்கிட்டுப் போனாளோன்னு.” கிளாட்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

சுருதி மறுபடி தொடங்கி, மறுபடி குலுங்கி நின்றது. டிங்.

மூன்றாவது டிங்கில் செல்வின் எழுந்தான்.

“எங்க அத்தான்?”

“வீட்டுக்கு. வந்துருதேன்.”

&#42;

வீட்டுக்கு வந்து சாவியை ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்து மூடினான். நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான்.

ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் இதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். காதில் விழுந்ததே இல்லை. இப்போது விழுந்தது. மின்சாரம் ஓடும் எந்தப் பொருளும் போடும் அதே முனகல். துறைமுகத்தில் நாள் முழுக்க அதன் நடுவில்தான் நிற்கிறான். காலையில் கேட்ட ஆதார சுருதி அதுதான்.

ஒன்பது நிமிடம் கழித்து அது ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. உள்ளே சாவி தண்ணீர் பாட்டிலில் மோதியது. டிங்.

அலமாரியில் ரெக்கார்டர் இருந்தது. அதன் பச்சை விளக்கு வைஃபையோடு இணைந்திருப்பதைக் காட்டியது. அவன் ஏன் தினமும் அதை அழுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. அடக்கம் முடிந்த வாரம் அது சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. சார்ஜ் போட்டான். மறுநாள் காலையில் அழுத்தினான். அவள் செய்கிற மாதிரி ஏழு நிமிடம். பதிவுகள் அதற்குள்ளேயே கிடக்கும் என்று நினைத்தான். ஒருநாளும் திருப்பிப் போட்டுக் கேட்டதில்லை.

&#42;

அவன் திரும்பி வந்தபோது சோறு எடுத்து வைத்திருந்தார்கள். உட்காராமலே சொன்னான்.

“அந்தக் கடைசி நூத்துஎண்பது பதிவு பெனி எடுத்தது இல்ல. நான் எடுத்தது. அவ போனதுக்கு அப்புறம்.”

அக்‌ஷயாவின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. “தினம் ஒண்ணா வந்துட்டிருந்தது சார். உங்க நெட் ஸ்லோ, பழைய பாக்கி ஏறிட்டிருக்குன்னு நினைச்சோம்.”

“அந்தச் சுருதி எங்க வீட்டு ஃப்ரிட்ஜ். அந்த மணி என் பைக் சாவி. பெனி ஃப்ரிட்ஜ ஓடவிட்டு ஒரு பதிவுகூட எடுத்தது கெடையாது.”

தெருவில் ஐஸ் வண்டி போனது.

“ஒவ்வொரு பதிவோட தொடக்கத்துலயும் அவ எடம், தேதி, நேரம், காத்து எல்லாம் சொல்லுவா. தேதி அவ வாயிலதான் இருந்துச்சு. பேச்ச எடுத்துருங்கன்னு சொன்னது நான்தான். உங்க மேல தப்பு இல்ல.”

கிளாட்வின் தட்டைத் தள்ளி வைத்தான். “சரி. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“அத்தான், சனிக்கெழம முந்நூறு பேர் வாராங்க. அக்கா உசிரோட இருந்தப்ப அவ கச்சேரிக்கு நானும் நீங்களும் வாட்ச்மேனும் இருந்தோம். இப்பத்தான் ஊரு திரும்பிப் பாக்கு. அவ வீடு, அவ ரெக்கார்டர், அவ புருசன். அது அவ பாட்டு இல்லாம வேற யாரு பாட்டு?”

“அவ பாட்டு இல்ல. அவ இல்லாத வீடு அது.”

“கேக்க நல்லாருக்குல்ல?”

“நல்லாருக்கு. அதான் பிரச்சன. அவ கடைசிக் காலத்துல அப்படி மாறிட்டான்னு நாளைக்குப் புஸ்தகத்துல எழுதுவான். அவ மாறவே இல்ல, கிளாட்வின். சாகுற அன்னைக்கு மோட்டார் சத்தத்த எடுக்கத்தான் போனா.”

“சார் சொல்றதும் ஒரு வகையில…” என்று அக்‌ஷயா தொடங்கி நிறுத்தினாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள். “அந்தப் பதிவுகளை எடுத்துட்டு மறுபடி பண்ணலாம். ரெண்டு நாள் ஆகும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். முன்னாடி அது இல்லாம பண்ணிப் பார்த்தோம். மேடம் ஏற்கெனவே பண்ணின மாதிரியே வருது. சரியா இருக்கும். அவ்வளவுதான். யாரும் அழ மாட்டாங்க.”

“அழவைக்கணும்னு அவ ஒண்ணுமே பண்ணுனதில்லையே.”

“அப்போ எனக்கு ஒரு எண் வேணும். எதுவரைக்கும் அவங்க, எதுல இருந்து நீங்க. எங்ககிட்ட இருக்கிறதுல பேச்சு இல்ல. பேச்சோட இருக்கிற மூலப் பதிவு உங்க வீட்டு டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு. நீங்கதான் கேட்டுச் சொல்லணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள.”

அவன் தலையசைத்தான். பிறகு மாமியாரைப் பார்க்க வேண்டியிருந்தது. சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

“அப்ப அவ அமைதியாவே ஆவல” என்றாள்.

“இல்ல அத்தை.”

“அது நீங்களா?”

“ஆமா.”

“தெனமும் உக்காந்திருந்தீங்களா மருமவனே? ஏழு நிமிசம்?”

“ஆமா.”

அவள் அவன் தட்டில் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். ஒரு மீன் துண்டை எடுத்து வைத்து, போதாதென்று இன்னொன்றும் வைத்தாள்.

“ஊருக்கு அவளோடத போடுங்க. எம்மவ சத்தம்னா சத்தமா இருக்கட்டும். இத எனக்குத் தனியா ஏத்திக் குடும்மா. இது எம்மருமவனோடது” என்றாள் அக்‌ஷயாவிடம். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். “நீ அந்தக் கார்டுல பொய்யி எழுதிருக்க. வேற அடி.”

“முந்நூறு கார்டும்மா.”

“அடி.”

&#42;

திங்கட்கிழமை செல்வின் ஐந்து நாற்பதுக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சி டீ போட்டுக் குடித்தான். வேலைக்கு லீவு சொன்னான். ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தவில்லை. அதன் வயரைப் பிடுங்கி எடுத்து வைத்துவிட்டு, அவளுடைய மேசையில் உட்கார்ந்து டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினான். ஹெட்போனைப் போட்டான். அது அவள் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இழுத்துச் சரி செய்தான்.

கடைசியிலிருந்து தொடங்கினான். 4412. ஃப்ரிட்ஜ். 4411. ஃப்ரிட்ஜ். ஒவ்வொன்றிலும் கடைசி அரை நிமிடத்தைக் கேட்டால் போதும். முனகல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நூற்றைம்பது பதிவுகளில் அவன் ஆறு தடவை இருமியிருந்தான், ஒரு தடவை மூக்கை உறிஞ்சியிருந்தான். ஜூனில் நாலு நாள் மழை. மே மாதம் முழுக்க ஃபேன். பின்னால் போகப் போகப் பதிவுகளில் நாற்காலி அதிகம் கிறீச்சிட்டது. ஆரம்ப நாட்களில் அவனால் அசையாமல் உட்கார முடியவில்லை என்று இப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

4232. ஃப்ரிட்ஜ்.

4231. ஒன்றுமில்லை.

முனகலே இல்லாத வீடு. ஹெட்போனைக் கழற்றி, அது வேலை செய்கிறதா என்று பார்த்து, மறுபடி போட்டான். பதிவின் நீளம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். சார்ஜ் தீரும் வரை ஓடியிருக்கிறது. அவள் நிறுத்தவில்லை.

கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டான். ஒரு போன் அடித்தது. அவன் குரல், ஹலோ என்றது. அப்புறம் எங்க, எந்த ஆஸ்பத்திரி என்றது. அதன் பிறகு மரம் மரத்தில் மோதியது. எவர்சில்வர் டப்பா உருண்டது. இழுப்பறை, இழுப்பறை, அலமாரிக் கதவு, மறுபடி அதே இழுப்பறை. “எங்கடி வச்சுத் தொலச்ச” என்று அவன் குரல் கத்தியது. “சொல்லிட்டுப் போனா என்ன.” பதினேழு நிமிடம்.

அக்‌ஷயாவுக்குத் தெரியாத தாளம் எது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வெயில் ஜன்னலுக்கு வந்துவிட்டது. பிறகு போனை எடுத்து அக்‌ஷயாவுக்கு அனுப்பினான்: ‘4231 வரை அவள்.’ அந்தப் பதிவும் அவள் தொடங்கியதுதான். அதற்குள் இருப்பது இருக்கட்டும் என்று விட்டான்.

எண்ணை அனுப்பியாகிவிட்டது. வேலை முடிந்தது. இனி கேட்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அவன் அதைத் தொடக்கத்துக்கு இழுத்தான்.

சுவிட்சு அணையும் டக். குலுங்கல். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தது. சாவி பாட்டிலில் பட்டது. டிங். கதவு மூடியது. அப்புறம் அவள், மைக்குக்கு மிகப் பக்கத்தில், பதிவுக்கென்று வைத்திருக்கும் அந்தச் சமனான குரலில்: “வீடு. சமையலறை. மார்ச் ஒன்பது. காலை ஐந்து நாற்பது. காற்று இல்லை. நான் கிளம்பின பிறகும் ஓடும்.”

வெறும் வீடு. தூரத்தில் ஒரு சேவல். படுக்கையறையில் அவனுடைய குறட்டை. அவள் நினைத்திருந்தால் கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை.

ஆறாவது நிமிடத்தில் தெருவில் கார் வந்து நின்றது. ஒரு முறை ஹாரன். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போனது. நின்றது. திரும்பி வந்தது. படுக்கையறை வாசலில் நின்றது.

“செல்வின்.”

குறட்டை நின்றது.

“ஏய். செல்வின்.”

“ம்.”

அது அவன்தான். பேச்சு புரிந்து, பதில் சொல்லி, திரும்பிப் படுக்கிறவனின் குரல். அவள் சொல்லி முடித்ததும் இன்னொரு ‘ம்’ சொன்னான். அவள் போனாள். கதவு சாத்தும் சத்தம். கார் கிளம்பியது.

செல்வின் எழுந்து சமையலறைக்குப் போனான். ஃப்ரிட்ஜைத் திறந்து சாவியை எடுத்தான். ஆணியில் மாட்டினான். திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டான். அவள் குரல் தாழ்ந்திருந்தது. அவசரம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

“ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிருக்கேன், சாவி உள்ள இருக்கு. எந்திச்சதும் போட்டுரு, மீன் கெட்டுப் போயிரும்.”